ஆப்கானிஸ்தான் பெண்கள்: உத்தரவில் வந்ததும் உத்தரவில் போனதும்



இந்த மாதப் பாடம் நம் ஊரைப் பற்றியது இல்லை. குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போது பல அக்காமார் கேட்ட கேள்வி இது: "அந்த ஆப்கானிஸ்தான்ல பொம்பளப் புள்ளைங்கள ஏன் பள்ளிக்கூடம் போக விட மாட்டேங்கிறாங்க? அந்தப் பொம்பளைங்க எல்லாம் பேசாமலா இருக்காங்க?" இரண்டும் நல்ல கேள்விகள். டி.வி. செய்தியில் துப்பாக்கியையும், தலையிலிருந்து கால் வரை மூடிய பெண்களையும் ஒரு நிமிடம் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தத் துணிக்குள் இருப்பவர்கள் நம்மைப் போல ரொட்டி சுட்டு, தைத்து, பிள்ளை பெற்று, கடன் அடைத்து வாழ்கிறவர்கள். அவர்கள் கதையைக் கொஞ்சம் நிதானமாகத் தெரிந்துகொள்வோம்.

படிக்கத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் சத்தமாகப் படியுங்கள். மற்றவர்கள் கேளுங்கள். ஒவ்வொரு தலைப்பு முடிந்ததும் நிறுத்திப் பேசுங்கள். ஒரே கூட்டத்தில் முடியாவிட்டால் இரண்டு கூட்டமாக வைத்துக்கொள்ளலாம்.

நாடு எப்படிப்பட்டது?

பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் நடுவில் இருக்கும் மலை நாடு ஆப்கானிஸ்தான். கடல் கிடையாது. இந்துகுஷ் என்ற பெரிய மலைத்தொடர் நாட்டின் நடுவில் ஓடுகிறது. தலைநகரம் காபூல். மொத்தம் 34 மாகாணங்கள். மக்கள் தொகை 4 கோடிக்கு மேல். தாரி, பஷ்தோ என்பவை முக்கிய மொழிகள். மக்களில் ஏறக்குறைய எல்லோருமே முஸ்லிம்கள். பெரும்பாலோர் கிராமத்தில் இருப்பவர்கள். கோதுமை, திராட்சை, மாதுளை, பாதாம் விளைகிறது. ஆடு வளர்க்கிறார்கள். பெண்கள் கம்பளம் நெய்வார்கள், பூவேலை தைப்பார்கள். ஹெராத் பக்கம் குங்குமப்பூ பறிப்பது, பிரிப்பது பெரும்பாலும் பெண்கள் வேலைதான். பனிக்காலத்தில் பல மலைக் கிராமங்களுக்கு மாதக்கணக்கில் பாதை அடைபட்டுவிடும். அப்போது பிரசவ வலி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பின்னால் அதைப் பற்றிப் பேசப் போகிறோம்.

வீடும் கல்யாணமும்

நம்ம ஊரில் பெண் வீட்டார் வரதட்சணை கொடுக்க வேண்டியிருக்கிறது. அங்கே தலைகீழ். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அப்பாவுக்குப் பணம் கொடுக்க வேண்டும். பஷ்தோ மொழியில் அதற்கு வல்வர் என்று பெயர். "அப்படின்னா பொண்ணு பெத்தவங்களுக்கு நல்லதுதானே?" என்று தோன்றும். ஆனால் நடப்பது வேறு. பணம் கொடுத்து வாங்கியதுபோல, மருமகள் அந்த வீட்டுச் சொத்தாகிவிடுகிறாள். மழை பொய்த்து, கடன் ஏறி, வீட்டில் மாவு தீர்ந்துபோனால் பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக்கூடப் பேசி முடித்துப் பணம் வாங்கும் குடும்பங்கள் உண்டு. பெண் வீட்டார் பணம் கொடுத்தாலும் சுமை பெண் தலையில், மாப்பிள்ளை வீட்டார் கொடுத்தாலும் சுமை பெண் தலையில்.

நம் குழுவில் உள்ள முஸ்லிம் சகோதரிகளுக்கு ஒன்று தெரியும். மார்க்கத்தில் சொல்லப்பட்டது மஹர். அது மணமகளுக்கே சேர வேண்டிய பணம். அப்பாவுக்குப் போகும் வல்வர் ஊர் வழக்கம். மார்க்கம் கொடுத்த பணம் பல வீடுகளில் பெண் கைக்கு வருவதே இல்லை. மார்க்கம் வேறு, வழக்கம் வேறு, அரசு போடும் உத்தரவு வேறு என்பதை இந்தப் பாடம் முழுக்க மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழக்கம் பெயர் பற்றியது. நம் கிராமங்களில் பெண்கள் கணவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அங்கே ஆண்கள் மனைவியின் பெயரை, அம்மாவின் பெயரை வெளி ஆள் முன்னால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவமானம் என்பார்கள். "பிள்ளைகளோட அம்மா", "என் வீட்டில்" என்றுதான் பேச்சு. கல்யாணப் பத்திரிகையில் மணமகள் பெயர் இருக்காது. இறந்த பிறகு கல்லறையில் கூடப் பெயர் எழுதாத குடும்பங்கள் உண்டு.

மேலிருந்து வந்த மாற்றம்

ஆப்கான் பெண்களுக்கு உரிமை என்பது 2001-க்குப் பிறகு வெளிநாட்டார் கொண்டுவந்து கொடுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1919 முதல் 1929 வரை ஆண்ட அமானுல்லா என்ற அரசரும், அவர் மனைவி ராணி சொரயாவும் பெண் கல்விக்காக நின்றார்கள். 1921-இல் காபூலில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார்கள். 1928-இல் மேல்படிப்புக்காகப் பெண்கள் சிலரைத் துருக்கிக்கு அனுப்பினார்கள். ஆனால் அந்த மாற்றம் காபூலைத் தாண்டி அதிகம் போகவில்லை. கிராமத்து மக்களுக்குப் போய்ச் சேர்ந்தது வரியும், கட்டாய ராணுவ சேவையும்தான். கோபம் சேர்ந்தது. கலகம் வந்தது. 1929-இல் அரசர் பதவியை விட்டு நாட்டை விட்டே போனார். அடுத்து வந்தவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று பெண்கள் பள்ளிகளை மூடியது.

பிறகு மெதுவாக மறுபடியும் திறந்தார்கள். 1964-இல் வந்த அரசியல் சட்டம் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. 1965 தேர்தலில் 4 பெண்கள் பாராளுமன்றத்துக்குப் போனார்கள். காபூலில் பெண் டாக்டர், பெண் டீச்சர், பெண் அதிகாரி எல்லாம் இருந்தார்கள். மலைக் கிராமங்களில் அதன் நிழல்கூட விழவில்லை.

1978-இல் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியைப் பிடித்தது. அதே வருடம் ஒரு உத்தரவு போட்டார்கள். கல்யாணத்துக்குக் கொடுக்கும் பணம் 300 ஆப்கானியைத் தாண்டக் கூடாது, பெண்ணுக்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும், கட்டாயக் கல்யாணம் கூடாது. படித்துப் பார்த்தால் நல்ல உத்தரவுதான். ஆனால் அமல்படுத்திய விதம் என்ன? நகரத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஊர் மக்களோடு உட்கார்ந்து பேசவில்லை. பெண்களைக் கட்டாயப்படுத்தி எழுத்தறிவு வகுப்புக்குக் கூட்டிப் போனார்கள். எதிர்த்துப் பேசியவர்களை ஜெயிலில் போட்டார்கள். "நம்ம வீட்டுப் பொம்பளைங்க மேல கை வைக்கிறாங்க" என்று ஊர் ஊராகக் கலகம் கிளம்பியது. கலகத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் பெண் கல்வி என்ற வார்த்தையே பல கிராமங்களில் எதிரியின் வார்த்தையாகப் போய்விட்டது.

போர் வந்த வருடங்கள்

1979 டிசம்பரில் சோவியத் ராணுவம் உள்ளே வந்தது. 1989 பிப்ரவரியில்தான் வெளியே போனது. 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் அகதிகளாக ஓடினார்கள். அதன் பிறகு உள்ளூர் ஆயுதக் குழுக்கள் தங்களுக்குள் சண்டை போட்டன. காபூல் நகரம் பாதி இடிந்தது. பெண்களைத் தூக்கிக்கொண்டு போவது, கொள்ளை, கொலை எல்லாம் நடந்தது. இந்த நேரத்தில் "நாங்கள் ஒழுங்கைக் கொண்டுவருகிறோம்" என்று 1994-இல் கந்தஹாரில் கிளம்பியவர்கள்தான் தாலிபான்கள். 1996 செப்டம்பரில் காபூலைப் பிடித்தார்கள். பெண்கள் வேலைக்குப் போகக் கூடாது, பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போகக் கூடாது, மஹ்ரம் இல்லாமல் வெளியே வரக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். மஹ்ரம் என்றால் கணவர், அல்லது அப்பா, அண்ணன், தம்பி, மகன் போன்ற நெருங்கிய ஆண் உறவு.

அப்போது காபூலில் மட்டும் பல்லாயிரம் போர் விதவைகள் இருந்தார்கள். கணவன் இல்லை, அண்ணன் தம்பி செத்துப்போனார்கள், மகன் கைக்குழந்தை. அவர்களுக்கு மஹ்ரம் யார்? உத்தரவு போட்டவர்கள் இதற்குப் பதில் சொல்லவில்லை.

உலக உணவுத் திட்டம் என்ற ஐ.நா. அமைப்பு காபூலில் விதவைகள் நடத்தும் ரொட்டிக் கடைகளுக்கு மாவு கொடுத்து உதவியது. விதவைகளே ரொட்டி சுடுவார்கள். ஏழை விதவைகள் குறைந்த விலைக்கு வாங்கிப் போவார்கள். அப்படி 25 கடைகள். 2000 ஆகஸ்டில் தாலிபான் அரசு அவற்றை மூடச் சொன்னது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வயிறு அதில் இருந்தது. மறுநாளே உத்தரவை வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று.

காபூலின் கைர்கானா பகுதியில் கமீலா சித்தீகி என்ற பெண் இருந்தார். டீச்சர் வேலைக்குப் படித்து முடித்த நேரத்தில் தாலிபான் வந்துவிட்டார்கள். வீட்டில் தம்பி தங்கைகள், வருமானம் இல்லை. அதுவரை அவர் தையல் ஊசி எடுத்ததில்லை. அக்காவிடம் கற்றுக்கொண்டார். தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கடைகளில் ஆர்டர் பிடித்தார். வீட்டுக்குள்ளேயே தைத்துக் கொடுத்தார். தெருவில் உள்ள மற்ற பெண்களையும் சேர்த்தார். ஏறக்குறைய 100 பெண்களுக்கு அதில் வேலை கிடைத்தது.

ஹெராத் நகரத்தில் தங்க ஊசி என்ற பெயரில் ஒரு தையல் வகுப்பு நடந்தது. பெண்கள் துணி, கத்தரிக்கோல் எல்லாம் பையில் எடுத்துக்கொண்டு போவார்கள். உள்ளே போனால் தையல் கிடையாது. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் இலக்கியம் நடத்துவார். வெளியே குழந்தைகள் விளையாடிக்கொண்டே காவல் பார்ப்பார்கள். யாராவது வந்தால் சைகை காட்டுவார்கள். ஹெராத்தைச் சேர்ந்த சகீனா யாகூபி என்பவர் 1995-இல் ஆரம்பித்த அமைப்பு, அந்த வருடங்களில் 80 ரகசிய வீட்டுப் பள்ளிகளுக்கு உதவியது. 3,000 பெண் பிள்ளைகள் படித்தார்கள். இடம் கொடுத்தது, பிள்ளையை அனுப்பியது, வாயை மூடிக்கொண்டு காப்பாற்றியது எல்லாமே தெருவில் உள்ள குடும்பங்கள்தான்.

2001 முதல் 2021 வரை: எது வந்தது? எது வரவில்லை?

2001 கடைசியில் அமெரிக்கப் படைகளின் தாக்குதலால் தாலிபான் ஆட்சி விழுந்தது. 2004 அரசியல் சட்டம் ஆணும் பெண்ணும் சமம் என்றது. மக்கள் சபையின் 249 இடங்களில் 68 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2005-இல் ஹபீபா சராபி என்பவர் பாமியான் மாகாணத்துக்கு ஆளுநர் ஆனார். நாட்டின் முதல் பெண் ஆளுநர் அவர்தான். 2001-இல் ஏறக்குறைய பூஜ்யமாக இருந்த பெண் பிள்ளைகள் எண்ணிக்கை, 2018-இல் தொடக்கப் பள்ளிகளில் மட்டும் 25 லட்சம் ஆனது என்கிறது யுனெஸ்கோ.

இதில் கிராமத்துக்குள் இறங்கி வேலை செய்த மூன்று விஷயங்களைப் பார்ப்போம்.

முதலாவது, மருத்துவச்சி. 1999 முதல் 2002 வரையான காலத்துக்கு எடுத்த கணக்கில், 1 லட்சம் பிரசவத்துக்கு 1,600 தாய்மார் இறந்தார்கள். படக்ஷான் மாகாணத்தின் ஒரு மலை வட்டாரத்தில் அது 6,500. அதாவது ஏறக்குறைய 15 பிரசவத்துக்கு ஒரு தாய். ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டார்கள், பெண் டாக்டர் இல்லை, பனியில் பாதை இல்லை. 2002-க்குப் பிறகு ஒரு திட்டம் வந்தது. ஊர்க்காரர்களே தங்கள் பகுதிப் பெண்ணைத் தேர்வு செய்வார்கள். அவர் ஒன்றரை முதல் இரண்டு வருடம் பயிற்சி எடுத்துவிட்டுத் திரும்பி வந்து ஊரிலேயே பிரசவம் பார்ப்பார். பெண்ணை வெளியூர் அனுப்பாத மாமனார்களும் இதற்குச் சம்மதித்தார்கள். தன் வீட்டு மருமகள் பிழைக்க வேண்டுமே! 2020-க்கான ஐ.நா. கணக்கில் 1 லட்சத்துக்கு 1,600 என்பது சுமார் 620 ஆகக் குறைந்திருந்தது. அதுவும் அதிகம்தான். ஆனாலும் எத்தனை உயிர் மிஞ்சியது பாருங்கள்.

இரண்டாவது, பக்கத்துப் பள்ளி. கோர் என்ற ஏழை மாகாணத்தில் 31 கிராமங்களில் 2007-இல் ஒரு ஆய்வு நடந்தது. சில ஊர்களில் ஊருக்குள்ளேயே சின்னப் பள்ளி வைத்தார்கள். மற்ற ஊர்ப் பிள்ளைகள் எப்போதும்போலத் தூரத்துப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். பள்ளி வைத்த ஊர்களில் 100 பெண் பிள்ளைகளுக்குக் கூடுதலாக 52 பேர் படிக்க வந்தார்கள். "கிராமத்தான் பெண்ணைப் படிக்க வைக்க மாட்டான்" என்பது பாதிப் பொய் என்று தெரிந்தது. தூரம்தான் பெரிய தடை. பஸ் வராத ஊரில் இருக்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

மூன்றாவது, ஊர் மன்றமும் சேமிப்புக் குழுவும். 2003-இல் ஆரம்பித்த திட்டத்தில் நாடு முழுக்க 30,000-க்கும் மேற்பட்ட ஊர் வளர்ச்சி மன்றங்கள் அமைந்தன. குடிநீர், பாதை, சின்ன மின்சார நிலையம் எது வேண்டும் என்று ஊரே முடிவு செய்யும். பெண்களும் சேர வேண்டும் என்பது விதி. ஆண்களோடு உட்கார முடியாத ஊர்களில் பெண்கள் தனியாகக் கூடினார்கள். 2010-க்குப் பிறகு நம்மைப் போலச் சேமித்து உள்கடன் கொடுக்கும் குழுக்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. அதன் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் பெண்கள். நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. இந்திய அரசின் உதவியோடு அகமதாபாத்தின் சேவா அமைப்பு, 2008 முதல் காபூலில் ஏறக்குறைய 1,000 பெண்களுக்குத் தையல், உணவு பதப்படுத்துதல் போன்ற தொழில்களைக் கற்றுக்கொடுத்தது. அவர்களில் பலர் போர் விதவைகள்.

பெயர் விஷயத்தையும் பெண்களே கையில் எடுத்தார்கள். 2017-இல் ஹெராத்தைச் சேர்ந்த லாலே உஸ்மானி என்ற இளம்பெண்ணும் தோழிகளும் "என் பெயர் எங்கே?" என்று பிரச்சாரம் ஆரம்பித்தார்கள். பிள்ளையின் அடையாள அட்டையில் அப்பா பெயர் மட்டும் இருந்தது. அம்மா பெயரும் வேண்டும் என்று கேட்டார்கள். திட்டு, மிரட்டல் எல்லாம் வாங்கினார்கள். மூன்று வருடம் விடவில்லை. 2020 செப்டம்பரில் சட்டம் திருத்தப்பட்டது.

வராததும் உண்டு. தெற்கு, கிழக்கு மாகாணக் கிராமங்களில் 20 வருடமும் போர்தான். ஒரு பக்கம் குண்டுவீச்சு, நடுராத்திரி சோதனை. இன்னொரு பக்கம் தாலிபான் புதைத்த கண்ணிவெடி. அங்கே இருந்த தாய்க்குப் பாராளுமன்றத்தில் 68 பெண்கள் இருந்தது தெரியவே தெரியாது. அவளுக்குத் தெரிந்தது செத்துப்போன மகன்தான். சட்டமும் பலமாக நிற்கவில்லை. 2009-இல் பெண்கள் மீதான வன்கொடுமையைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. அடிப்பது, குழந்தைக் கல்யாணம், சொத்துப் பங்கு மறுப்பது உட்பட 22 செயல்கள் குற்றம் என்றது. அது ஜனாதிபதி போட்ட ஆணை. 2013-இல் பாராளுமன்றத்தில் வைத்தபோது எதிர்ப்பு கிளம்பி, விவாதமே பாதியில் நிறுத்தப்பட்டது.

2021-க்குப் பிறகு

அமெரிக்கப் படைகள் கிளம்பிய நேரத்தில், 2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபான் மறுபடியும் காபூலைப் பிடித்தார்கள். அதன் பிறகு வந்த உத்தரவுகளை வரிசையாகப் படியுங்கள்.

2021 செப்டம்பர்: ஆறாம் வகுப்புக்கு மேல் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் பள்ளி திறந்தது. பெண்கள் நல அமைச்சகத்தின் கட்டடத்தில் ஒழுக்கக் காவல் அமைச்சகம் வந்தது.

2021 டிசம்பர்: 72 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டுமானால் மஹ்ரம் கட்டாயம்.

2022 மார்ச்: பள்ளி திறக்கும் என்று சொன்னார்கள். பெண் பிள்ளைகள் சீருடை போட்டு வந்தார்கள். அன்றைக்கே திருப்பி அனுப்பினார்கள்.

2022 டிசம்பர்: பல்கலைக்கழகமும் மூடல். தொண்டு நிறுவனங்களில் பெண்கள் வேலை செய்யவும் தடை.

2023 ஜூலை: அழகு நிலையங்கள் மூடல். ஏறக்குறைய 60,000 பெண்களின் வருமானம் போனது என்று அந்தத் தொழில் சங்கத்தார் சொன்னார்கள்.

2024 ஆகஸ்ட்: பெண்ணின் குரல் பொது இடத்தில் கேட்கக் கூடாது என்று சட்டம்.

2024 டிசம்பர்: மருத்துவச்சி, நர்ஸ் படிப்பும் பெண்களுக்குக் கிடையாது.

கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள். ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்றால், பெண்ணும் படிக்கக் கூடாது என்றால், நாளைக்குப் பிரசவம் பார்ப்பது யார்? இன்றைக்கு வேலை பார்க்கும் மருத்துவச்சிகளுக்கு வயதாகும். அவர்களுக்குப் பின்னால் வரிசையில் யாரும் இல்லை. 20 வருடம் பாடுபட்டுக் குறைத்த சாவு திரும்ப ஏறும் வழி இதுதான்.

மதம்தான் காரணமா?

இதை நாம் நேராகப் பேச வேண்டும். ஏனென்றால் நம் குழுக்களில் முஸ்லிம் சகோதரிகள் இருக்கிறார்கள். இந்தச் செய்தி டி.வி.யில் வரும்போது யாராவது அவர்களைத் திரும்பிப் பார்த்தால் அது தப்பு. பெண் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளியும் கல்லூரியும் கூடாது என்று தடை போட்ட ஒரே நாடு ஆப்கானிஸ்தான்தான் என்று யுனெஸ்கோ சொல்கிறது. இந்தோனேசியா, மலேசியா, பங்களாதேஷ், பாகிஸ்தான், ஈரான் எதிலும் அந்தத் தடை இல்லை. பங்களாதேஷில் உயர்நிலைப் பள்ளியில் ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகள் அதிகம். பல்கலைக்கழகத்தை மூடியபோது, எகிப்தின் புகழ்பெற்ற அல் அஸ்ஹர் நிறுவனத்தின் தலைமை இமாமே இது மார்க்கத்துக்கு விரோதம் என்று கண்டித்தார். நபிகள் நாயகத்தின் மனைவி கதீஜா அம்மையார் வியாபாரம் செய்தவர் என்பது எல்லா முஸ்லிம் வீட்டிலும் தெரிந்த செய்தி.

அப்படியானால் காரணம் என்ன? நாற்பது வருடப் போர், ஆயுதம் வைத்திருப்பவன் கையில் அதிகாரம், கேள்வி கேட்க முடியாத ஆட்சி, கூடவே வறுமை. மதத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டால் கேள்வி கேட்பவர் வாயை அடைக்கலாம். பெண்ணை அடக்க எந்த மதத்தின் பெயரையும், எந்தச் சாதியின் பெயரையும் எடுத்துக்கொள்வார்கள். நமக்கும் அது புதிது இல்லை.

எல்லாம் போய்விட்டதா?

சட்டம் கொடுத்ததை எல்லாம் உத்தரவு எடுத்துக்கொண்டது. 68 இடமும் போனது, அமைச்சகமும் போனது. ஆனால் படித்த பெண்ணின் படிப்பை யாரும் திருப்பி வாங்க முடியாது. அவள் வீட்டுக்குள் தன் பிள்ளைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கிறாள். 2021 மார்ச் 8 மகளிர் தினத்தில் காபூலில் ஆரம்பித்த ரேடியோ பேகம், பள்ளிப் பாடங்களை ஒலிபரப்பியது. 2025 பிப்ரவரியில் நிறுத்தினார்கள். அதே மாதம் மறுபடியும் அனுமதி வாங்கினார்கள். வீட்டுக்குள் நடக்கும் தையல், கம்பளம், பூவேலை இன்னும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

இன்னொன்று ரொம்ப முக்கியம். 2025-இல் ஐ.நா. பெண்கள் அமைப்பு வீடு வீடாகக் கேட்டபோது, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் "பெண் பிள்ளைகள் படிக்க வேண்டும்" என்றார்கள். கிராமத்து ஆண்களிலும் பெரும்பாலோர் அதையே சொன்னார்கள். 1929-இல் பள்ளியை மூடியபோது கிராமங்கள் கேட்கவில்லை. இன்றைக்கு அதே கிராமங்கள் பள்ளி வேண்டும் என்கின்றன. இந்த மாற்றம் எப்படி வந்தது? மருத்துவச்சியையும், டீச்சரையும், சம்பாதித்துக் கொடுத்த மகளையும் கண்ணால் பார்த்ததால் வந்தது.

ஆனால் இதைச் சொல்லி நாம் மனதைத் தேற்றிக்கொள்ள முடியாது. ரகசிய வகுப்பில் படித்தவளுக்குச் சர்டிபிகேட் கிடைக்காது. ரேடியோ கேட்டு ஒரு பெண் டாக்டர் ஆக முடியாது. 2025-இல் யுனெஸ்கோ சொன்ன கணக்குப்படி சுமார் 22 லட்சம் பெண் பிள்ளைகள் ஆறாம் வகுப்போடு நிற்கிறார்கள். அந்த வயது திரும்பி வராது. 2025 ஜூலையில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், பெண்களைக் கொடுமைப்படுத்திய குற்றத்துக்காகத் தாலிபானின் உச்சத் தலைவருக்கும் தலைமை நீதிபதிக்கும் கைது வாரண்ட் போட்டது. அதனால் இன்னும் ஒரு பள்ளிக்கதவும் திறக்கவில்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

சட்டம் மட்டும் வந்து ஊர் சேராதபோது 1929-லும் 1978-லும் என்ன ஆனது என்று பார்த்தோம். ஊர் சேர்ந்தும் சட்டம் எதிராகப் போனபோது 2021-க்குப் பிறகு என்ன ஆனது என்றும் பார்த்தோம். இரண்டும் வேண்டும். நமக்குச் சட்டம் இருக்கிறது. ஓட்டு இருக்கிறது, ஊராட்சியில் இட ஒதுக்கீடு இருக்கிறது, சொத்தில் பங்கு இருக்கிறது. அதை ஊருக்குள் நடக்க வைப்பது நம் வேலை. நடக்காத சட்டம் தாளில் இருக்கும் எழுத்துத்தான். யாராவது எடுத்துப் போனாலும் யாருக்கும் வலிக்காது.

கூட்டத்தில் பேச:

1. நம் ஊரில் பத்தாம் வகுப்போடு நின்ற பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? காரணம் தூரமா, பணமா, கல்யாணமா? பெயர் எழுதிப் பாருங்கள்.

2. வீட்டு மனை, ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு இவற்றில் யார் யாருக்குத் தன் பெயர் இருக்கிறது? இல்லாதவர்களுக்கு அடுத்த மாதத்துக்குள் என்ன செய்யலாம்?

3. கணவரை இழந்த சகோதரி ஒருவர் நம் ஊரில் தனியாகப் போகத் தயங்கும் இடங்கள் எவை? கல்யாண வீடா, வங்கியா, கிராம சபையா? யார் கூடப் போகலாம்?

4. நாளைக்கே குழுவுக்கு வங்கிக் கடன், மானியம் எல்லாம் நின்றுவிட்டால் நம் குழு நடக்குமா? எதை வைத்து நடக்கும்?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். முதல் கேள்வியின் பட்டியல் கட்டாயம் வேண்டும். நின்றுபோன பிள்ளைகளை மறுபடி சேர்ப்பது பற்றி ஊர் ஊராக எடுத்துப் பேச அந்தப் பட்டியல்தான் நமக்குத் தேவை. பள்ளி திறந்திருக்கும் ஊரில் இருக்கிறோம். ஒரு பிள்ளையும் வெளியே நிற்க வேண்டாம்.